எட்டு கோர் போன் ஆறு கோர் போனிடம் ஏன் தோற்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். 2017-இல் நீங்கள் வாங்கிய போனில் ஸ்னாப்டிராகன் 625 சிப், எட்டு கோர், 2 ஜிகாஹெர்ட்ஸ். அதே ஆண்டு வெளிவந்த உங்கள் அக்காவின் ஐபோன் 8-இல் ஆறு கோர்தான். ஆனாலும் அது இன்றுவரை தடையில்லாமல் ஓடுகிறது, உங்களுடையதோ வாட்ஸ்அப்பைத் திறக்கவே திணறுகிறது. இப்போது கடைக்காரர் ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2 உள்ள ஒரு போனைக் காட்டி, "4 நானோமீட்டர், எட்டு கோர், அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்கிறார். இந்த எண்களை நம்பலாமா என்பது உங்கள் கேள்வி. போன் சிப்பின் வேகம் எதிலிருந்து பிறக்கிறது, இத்தனை ஆண்டுகளில் அதில் உண்மையாக எது மாறியது என்பதைச் சொல்லாமல் அதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளாக மொபைல் சிப்புகளின் மின்செலவை அளப்பதும், ஒரு வடிவமைப்பு எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று அது சிலிக்கானாக மாறும் முன்பே கணிப்பதும் என் தொழில். ஆகவே கோர், நினைவகம், வெப்பம் ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். சிக்னல் வாங்கும் மோடம் என் துறையன்று. அதைத் தொடும் இடத்தில் சுருக்கமாகவே சொல்வேன். இன்னொன்று, தமிழில் 'செயலி' என்ற சொல் பிராசஸரையும் குறிக்கிறது, ஆப்பையும் குறிக்கிறது. குழப்பம் வேண்டாம் என்பதற்காக இந்தப் பதிலில் சிப், கோர், ஆப் என்றே எழுதுகிறேன். கோர் என்பது சிப்புக்குள் கட்டளைகளை நிறைவேற்றும் ஒரு தனி அலகு.

ஸ்னாப்டிராகன் 625-இல் இருக்கும் எட்டும் கார்ட்டெக்ஸ்-ஏ53 என்ற ஒரே வகைக் கோர்கள். கோர்களை வடிவமைத்து உரிமத்துக்குக் கொடுக்கும் ஆர்ம் நிறுவனம் 2012-இல் அறிவித்த வடிவமைப்பு அது. ஒரு கடிகாரத் துடிப்பில் (2 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 200 கோடி துடிப்புகள்) அதிகபட்சம் இரண்டு கட்டளைகளையே அது எடுத்துக்கொள்ளும். அவற்றையும் புரோகிராமில் வந்த வரிசை மாறாமல்தான் செய்யும். ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்பவருக்கான பருப்பு மூட்டை இன்னும் கிடங்கிலிருந்து வரவில்லை என்றால், பின்னால் சர்க்கரை மட்டும் வாங்க வந்தவரும் காத்து நிற்க வேண்டியதுதான். சிப்பில் அந்தக் கிடங்கு என்பது டிராம் நினைவகம். அங்கிருந்து ஒரு தரவு வந்து சேரச் சுமார் 100 நானோசெகண்ட் ஆகும். 2 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு அது 200 துடிப்புகள். அந்த 200 துடிப்புகளிலும் ஏ53 பெரும்பாலும் சும்மா நிற்கிறது. பெட்டியில் எழுதியிருக்கும் 2 ஜிகாஹெர்ட்ஸ் பொய்யில்லை, ஆனால் அது வேலை செய்த துடிப்புகளையும் காத்திருந்த துடிப்புகளையும் சேர்த்தே எண்ணுகிறது.

ஐபோன் 8-இல் இருக்கும் ஏ11 சிப்பில் இரண்டு பெரிய கோர்களும் நான்கு சிறிய கோர்களும் உள்ளன. பெரிய கோர் ஒரு துடிப்பில் ஏழு கட்டளைகள் வரை எடுத்துக்கொள்கிறது. மிகப் பல கட்டளைகளை ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு, தேவையான தரவு வந்துவிட்டவற்றை முன்னதாகச் செய்து முடித்து, விடைகளை மட்டும் பழைய வரிசைப்படி ஒப்படைக்கிறது. பருப்புக்காரர் ஓரமாக நிற்க, சர்க்கரைக்காரர் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: பெரிய கோர் இரண்டு, சிறியது நான்கு என்பது ஆப்பிளே அறிவித்தது, ஏழு கட்டளை என்பது சிறு சிறு சோதனைப் புரோகிராம்களை ஓட்டி வெளியிலிருந்து அளந்தவர்கள் கண்டது. ஆர்ம் தன் கோர்களின் உள்ளமைப்பைப் பொறியாளர்களுக்கு ஆவணமாகவே தருகிறது; ஆப்பிள் தருவதில்லை. ஆயினும் அந்த அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதால் நான் அவற்றை நம்புகிறேன்.

எட்டு சிறிய கோர்கள் சேர்ந்தால் இரண்டு பெரிய கோர்களுக்கு ஈடாகாதா என்று நீங்கள் கேட்கலாம். சில வேலைகளில் ஈடாகும். ஆனால் ஒரு சேலையை ஒரு தறியில்தான் நெய்ய முடியும். வீட்டில் எட்டுத் தறி இருந்தாலும் அந்த ஒரு சேலை முடிய ஆகும் நேரம் குறைவதில்லை. போனில் விரல் பட்டதை உணர்ந்து, பட்டியலை நகர்த்தி, அடுத்த காட்சியில் எது எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை பெரும்பாலும் ஆப்பின் ஒரே இழையில்தான், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரே கட்டளை வரிசையில்தான், ஓடுகிறது. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால் அந்த இழைக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிசெகண்ட், 120 முறை என்றால் 8.3 மில்லிசெகண்ட்.

இதை நேரில் பார்த்தால் எளிதில் விளங்கும். சோதனைக்கூடத்தில் போனின் பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு துல்லியமான பவர் சப்ளையை இணைப்போம். சிப்புக்குள் போகும் ஒவ்வொரு மின்பாதையிலும் அரிசியை விடச் சிறிய ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்து, அதன் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை பதிவு செய்வோம். விரலால் திரையை ஒரு தடவை மேலே தள்ளினால் கணினியில் சீப்பின் பற்களைப் போல முட்கள் வரிசையாக எழும்; ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையின் ஒரு காட்சிக்கு, ஒரு முள். பெரிய கோரில் அந்த முள் உயரமாகவும் மெல்லியதாகவும் இருக்கும்: மளமளவென்று வேலையை முடித்துவிட்டுக் கோர் உறங்கப் போய்விடுகிறது. அதே வேலையைச் சிறிய கோரில் ஓட்டினால் முள் குட்டையாகி அகலமாகிவிடும். அகலம் அடுத்த முள்ளின் இடத்தை எட்டிவிட்டால் ஒரு ஃபிரேம் தவறும். உங்கள் கண்ணுக்குத் திணறலாகத் தெரிவது அதுதான். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்த நாளிலிருந்து கோர்களின் எண்ணிக்கையை வைத்து நான் எந்தப் போனையும் எடைபோட்டதில்லை.

உங்கள் பழைய சிப்பைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. ஒரு ஏ53 கோர் ஒரு சதுர மில்லிமீட்டருக்கும் குறைந்த சிலிக்கானில் அடங்கிவிடும். மின்சாரத்தை மிகக் குறைவாகவே குடிக்கும். ஸ்னாப்டிராகன் 625 போன்கள் ஒன்றரை நாள், இரண்டு நாள் பேட்டரி தாங்குகின்றன என்று அந்தக் காலத்தில் பெயர் வாங்கியது நியாயமான பெயர்தான். பெரிய கோருக்குச் சிலிக்கான் பரப்பு அதிகம் வேண்டும், பரப்பு என்றால் பணம். உயர்விலைப் போனை மட்டுமே விற்கும் நிறுவனத்தால் அந்தப் பணத்தைச் செலவிட முடியும். பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் போனுக்குச் சிப் செய்பவரால் முடியாது. அதோடு, உங்கள் போன் திணறுவதற்குக் கோர் மட்டுமே காரணம் என்றும் நான் சொல்ல மாட்டேன். 625 இணைந்து வேலை செய்வது இஎம்எம்சி வகைச் சேமிப்பகத்தோடு; அது நிரம்ப நிரம்ப மந்தமாகும். வாட்ஸ்அப் திறக்கத் தாமதமாவதில் அதன் பங்கு கோரின் பங்கைவிடக் கூடுதலாகவே இருக்கக்கூடும் என்பது என் ஊகம். போனைத் திறந்து அளக்காமல் அதற்கு மேல் சொல்வது சரியாகாது.

இனி, ஏன் எல்லாரும் கடிகார வேகத்தையே ஏற்றிக்கொண்டு போகவில்லை என்ற கேள்விக்கு வருவோம். போன் சிப்பின் வரலாறு முழுவதும் வெப்பத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கைதான் என்பது என் உறுதியான கருத்து. அந்த உடன்படிக்கை போன்கள் வருவதற்கு முன்பே தொடங்கியது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் கம்ப்யூட்டர்ஸ் என்ற சிறிய நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப் 1985 ஏப்ரலில் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அதில் இருந்தவை சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள்; அதே ஆண்டு வந்த இன்டெல் 386-இல் 2,75,000. விலை உயர்ந்த செராமிக் உறையைத் தவிர்த்து மலிவான பிளாஸ்டிக் உறையில் அடைக்க வேண்டும் என்பதற்காக ஒரு வாட்டுக்குள் அடக்க எண்ணினார்கள். சிப் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்னோட்டத்தை அளந்தால் மீட்டர் பூஜ்யத்தைக் காட்டியது. பார்த்தால், சிப்புக்கான மின்இணைப்பே பலகையில் வேலை செய்யவில்லை. சிக்னல் கம்பிகள் வழியாகக் கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. அதை வடிவமைத்தவர்களே பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இது. அந்தச் சிக்கனம் திட்டமிட்டு வந்ததன்று. சிறிய குழு, எளிய வடிவமைப்பு என்பதன் விளைவு. ஆனால் 1990-இல் ஏகார்ன், ஆப்பிள், விஎல்எஸ்ஐ ஆகிய மூன்றும் சேர்ந்து ஆர்மைத் தனி நிறுவனமாக்கியபோது விற்பனைக்கு வைக்கப்பட்டது அந்தச் சிக்கனம்தான். ஆர்ம் சிப்பைச் செய்து விற்கவில்லை, வடிவமைப்பை உரிமத்துக்குக் கொடுத்தது. நோக்கியா 6110 முதல் இன்று உங்கள் கையில் இருப்பது வரை எல்லாம் அந்த வழியில் வந்தவை.

விசிறி இல்லாத, கையில் பிடிக்கும் ஒரு போனின் உடல் தொடர்ந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 3 முதல் 5 வாட். இன்றைய உயர்நிலைச் சிப்புகள் எல்லாக் கோர்களையும் முழு வேகத்தில் விட்டால் 10 வாட்டைத் தாண்டுகின்றன. ஆகவே அந்த வேகம் சில நொடிகளுக்கோ சில நிமிடங்களுக்கோதான். பிறகு சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டிரான்சிஸ்டர்கள் குடிக்கும் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் கடிகார வேகத்தையும் பெருக்கிய அளவில் ஏறுகிறது. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், உச்சத்துக்கு அருகே வேகம் 10 சதவீதம் ஏறினால் மின்செலவு 30 சதவீதம் வரை ஏறிவிடும். முதல் ஐபோனில் 2007-இல் இருந்த சாம்சங் சிப் 620 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியதாக இருந்தும் 412 மெகாஹெர்ட்ஸில்தான் ஓட்டப்பட்டது என்பது இந்தக் கணக்கினால்தான். நம் ஊருக்கு இதில் தனியாக ஒரு பாடம் உண்டு. போனின் மேற்பரப்பு 43, 44 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரி அறையில் வெப்பம் வெளியேற 18 டிகிரி இடைவெளி இருக்கிறது. மே மாதத்து 38 டிகிரியில் ஐந்தாறு டிகிரிதான் மிச்சம். குளிரூட்டிய அறையில் எடுத்த சோதனை மதிப்பெண்ணை நம் வெயிலில் எதிர்பார்க்க முடியாது.

வேகத்தை ஏற்ற முடியாத நிலையில்தான் கோர்கள் பெருகின. 2011-இல் இரட்டைக் கோர் போன்கள் வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஆர்ம், பெரிய கோரையும் சிறிய கோரையும் ஒரே சிப்பில் சேர்க்கும் பிக்-லிட்டில் முறையை அறிவித்தது. 2013-இல் கேலக்ஸி எஸ்4-இன் ஒரு வகையில் வந்த எக்ஸினோஸ் சிப்பில் நான்கு பெரியதும் நான்கு சிறியதுமாக எட்டு இருந்தன, ஆனால் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு நான்குதான் ஓட முடியும். அதே ஆண்டு மீடியாடெக் எட்டும் ஒரே வகைச் சிறிய கோர்களாக எம்டி6592 என்ற சிப்பைக் கொண்டுவந்து, எட்டும் சேர்ந்து ஓடும் என்று விளம்பரப்படுத்தியது. 'ஆக்டா கோர்' என்ற சொல் கடைத்தெருவுக்கு வந்து நிலைத்தது அப்போதுதான். அந்தச் சொல்லின் கவர்ச்சி வடிவமைப்பாளர்களையும் வளைத்தது என்றே நான் நினைக்கிறேன். நான்கு ஏ53-க்குப் பதில் இரண்டு பெரிய கோர் வைத்திருந்தால் பயன்படுத்துபவருக்கு நன்மை அதிகம் என்று தெரிந்தும் எட்டுக்காக எட்டு வைத்த சிப்புகள் பல. இன்று சக்கரம் மறுபக்கம் சுழன்றிருக்கிறது. மீடியாடெக்கின் 2023-ஆம் ஆண்டுச் சிப்பான டிமென்சிட்டி 9300-இல் பழைய பொருளிலான சிறிய கோர்களே இல்லை. 2024-இன் ஸ்னாப்டிராகன் 8 எலைட்டிலும் இல்லை. பெரிய கோரைத் தாழ்ந்த மின்னழுத்தத்தில் நிதானமாக ஓட்டினால் அது சிறிய கோரைவிடக் குறைந்த ஆற்றலில் வேலையை முடிக்கிறது என்பதை அளந்து அறிந்த பிறகு எடுத்த முடிவுகள் அவை. எந்த வேலையை எந்தக் கோரில் விடுவது என்று ஆற்றலைக் கணக்கிட்டுத் தீர்மானிக்கும் பகுதி, ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலில் 2019-இல்தான் முறையாகச் சேர்ந்தது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். அதுவரை வன்பொருளில் இருந்த திறமையின் ஒரு பகுதி மென்பொருளால் வீணாகிக்கொண்டிருந்தது.

இனி கடைக்காரர் சொன்ன 4 நானோமீட்டர். இந்த எண் ஒரு காலத்தில் டிரான்சிஸ்டரில் உண்மையாகவே அளக்கக்கூடிய ஒரு நீளத்தைக் குறித்தது. இப்போது அது ஒரு தலைமுறையின் பெயர் மட்டுமே. 5 நானோமீட்டர் என்று அழைக்கப்படும் தயாரிப்பு முறையில் அடுத்தடுத்த இரண்டு டிரான்சிஸ்டர் கேட்டுகளுக்கு (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் முனைகளுக்கு) இடையிலான தொலைவு 50 நானோமீட்டர் அளவில் இருக்கிறது. 5 நானோமீட்டர் நீளமுள்ள பகுதி என்று சுட்டிக்காட்ட அதில் எதுவும் இல்லை. பெயர் வெறுமையானது என்பதற்காக முன்னேற்றமும் வெறுமை என்று எண்ணிவிடக் கூடாது. தட்டையாக இருந்த டிரான்சிஸ்டரை மீனின் துடுப்பைப் போல நிமிர்த்தி, அதை மூன்று பக்கமும் கேட் சூழுமாறு செய்த ஃபின்ஃபெட் அமைப்பு உறக்கத்திலும் கசிந்துகொண்டிருந்த மின்சாரத்தை வெகுவாகக் குறைத்தது. உங்கள் 625 சிப் 14 நானோமீட்டர் ஃபின்ஃபெட்டில் செய்யப்பட்டது. அந்த நல்ல பேட்டரிப் பெயரில் அதற்கும் பங்கு உண்டு. பிறகு 2019 முதல், உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு 50,000 வீதம் லேசரால் அடித்துப் பிளாஸ்மாவாக்கி, அதிலிருந்து கிடைக்கும் 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியால் சிப்பின் கோடுகளை அச்சிடும் இயந்திரங்கள் போன் சிப்புகளுக்கு வந்தன. அந்த இயந்திரத்தைச் செய்வது உலகிலேயே ஒரே நிறுவனம், நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். மனிதர்கள் செய்த பொருள்களில் எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது இதுதான்.

ஒரே எண்ணைச் சுமந்தாலும் இரண்டு தொழிற்சாலைகளின் சிலிக்கான் ஒன்றாகாது என்பதற்கு 2022-இல் தெளிவான சான்று கிடைத்தது. ஸ்னாப்டிராகன் வரிசையை வடிவமைக்கும் குவால்காமின் 8 ஜென் 1 சிப் சாம்சங்கின் 4 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. சில மாதங்களில் வந்த 8 பிளஸ் ஜென் 1 ஏறக்குறைய அதே வடிவமைப்பு, தைவானின் சிப் தயாரிப்பாளர் டிஎஸ்எம்சியின் 4 நானோமீட்டர் முறைக்கு மாற்றப்பட்டது. கோர்கள் மாறவில்லை, பெட்டியில் எழுதும் எண் மாறவில்லை. ஆனால் மின்செலவு 30 சதவீதம் வரை குறைந்ததாகக் குவால்காமே அறிவித்தது. அதைக் கையில் வைத்துப் பயன்படுத்தியவர்களும் சூடு குறைந்ததை உணர்ந்தார்கள். பொதுவாகத் தயாரிப்பாளர் சொல்லும் சதவீதத்தை நான் பாதி மனத்தோடுதான் ஏற்பேன். இந்த ஒன்றில் வெளியார் அளவீடுகளும் அதே திசையைக் காட்டியதால் முழு மனத்தோடு ஏற்கிறேன். சுருங்குதலுக்கும் எல்லை வந்துகொண்டிருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் தரவைக் கோருக்கு அருகிலேயே வைத்திருக்கச் சிப்புக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தின் ஒரு பிட்டுக்கான பரப்பு டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டரில் 0.021 சதுர மைக்ரான். பல போன் சிப்புகளுக்குப் பயன்படும் என்3இ என்ற 3 நானோமீட்டர் வகையிலும் அதே 0.021தான். டிரான்சிஸ்டர் சுருங்கியது, கேஷ் சுருங்கவில்லை. சிப்பின் கணிசமான பகுதியைக் கேஷ் அடைத்துக்கொள்வதால், இனி ஒவ்வொரு தலைமுறைக்கும் விலை ஏறுவதைத் தவிர்ப்பது கடினம்.

சுருங்கிக் கிடைத்த டிரான்சிஸ்டர்களை வைத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் எனக்குத் தனிப்பட்ட ஈடுபாடு. ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹொரோவிட்ஸ் 2014-இல் ஒரு மாநாட்டில் வைத்த கணக்கு என் போன்றவர்களுக்கு மனப்பாடம். 45 நானோமீட்டர் சிப்பில் இரண்டு 32 பிட் முழு எண்களைக் கூட்டும் வேலைக்கு மட்டும் ஆகும் ஆற்றல் 0.1 பிக்கோஜூல். ஆனால் அந்தக் கூட்டலை ஒரு கட்டளையாகக் கோரில் ஓட்டினால், கட்டளையை எடுக்க, பிரித்தறிய, கட்டுப்படுத்த எல்லாம் சேர்ந்து சுமார் 70 பிக்கோஜூல் ஆகிவிடுகிறது. ஒரு கவளம் சோற்றுக்காக ஊர்ப்பந்தி வைப்பது போன்ற செலவு அது. ஒரே வகை வேலை கோடிக்கணக்கில் திரும்பத் திரும்ப வருமானால், அதற்கென்றே ஒரு சர்க்யூட்டைச் செதுக்கிவிட்டால் அந்த மேல்செலவு அநேகமாக மறைந்துவிடும். போனில் வீடியோ பார்க்கும்போது கோர்கள் உறங்கிக்கொண்டிருப்பதும், கேமராவில் பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும் வேலை கண் இமைக்கும் நேரத்தில் முடிவதும் இதனால்தான். இன்றைய போன் சிப்பைத் திறந்து பார்த்தால் கோர்கள் ஒரு மூலையில்தான் இருக்கும். மீதியெல்லாம் கிராஃபிக்ஸ், கேமரா, வீடியோ, மோடம், ஏஐ கணக்குகளுக்கான நியூரல் பகுதி, கேஷ்.

நியூரல் பகுதிக்குச் சொல்லும் டாப்ஸ் எண்ணிலும் கவனமாக இருங்கள். நொடிக்கு எத்தனை லட்சம் கோடிக் கணக்கு என்று சொல்வார்கள். எத்தனை பிட் எண்களில் என்று சொல்ல மாட்டார்கள். 8 பிட்டில் எண்ணினால் 16 பிட்டில் எண்ணியதைவிட இரு மடங்கு வருவது இயல்பு. போனிலேயே ஓடும் மொழி மாதிரிகளுக்கு அந்த எண் பெரும்பாலும் தேவையும் இல்லை. 300 கோடி எடைகளை (மாதிரி கற்றுக்கொண்ட எண்களை) 4 பிட்டில் வைத்தால் 1.5 ஜிபி, ஒவ்வொரு சொல்துண்டுக்கும் அந்த 1.5 ஜிபியையும் டிராமிலிருந்து ஒரு முறை படித்தாக வேண்டும். உயர்நிலைப் போன் ஒன்றின் நினைவக வேகம் நொடிக்கு 68 ஜிபி என்றால் நொடிக்கு 45 சொல்துண்டுகளுக்கு மேல் தர எந்த நியூரல் பகுதியாலும் முடியாது. அங்கேயும் பருப்பு மூட்டை கிடங்கிலிருந்து வந்தால்தான் உண்டு.

மோடத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தி. இன்டெல் தன் சிப்போடு போன் சந்தையில் முதலில் இறங்கியது இந்தியாவில்தான். 2012 ஏப்ரலில் லாவாவின் ஸோலோ எக்ஸ்900 வந்தது. நல்ல கோர், நல்ல வேகம். 2016-இல் இன்டெல் போன் சிப் திட்டங்களையே கைவிட்டது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் ஓமாப் சிப்புகளோடு 2012-இலேயே போன்களிலிருந்து விலகியிருந்தது. மோடத்தையும் கோரையும் ஒரே சிலிக்கானில் விற்ற குவால்காம், மீடியாடெக் ஆகியவற்றோடு விலையில் போட்டியிட முடியாமற்போனது இவற்றுக்குப் பெரிய காரணம் என்பது துறையில் பரவலான கருத்து; நானும் அதை ஏற்கிறேன்.

இப்போது உங்களுக்குக் காட்டிய போன். ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2-இல் கார்ட்டெக்ஸ்-ஏ78 வழிவந்த இரண்டு கோர்கள் 2.2 ஜிகாஹெர்ட்ஸிலும், கார்ட்டெக்ஸ்-ஏ55 வழிவந்த ஆறு கோர்கள் 2 ஜிகாஹெர்ட்ஸிலும் ஓடுகின்றன. ஏ55 என்பது உங்கள் ஏ53-இன் நேர்த் தம்பி. அதுவும் துடிப்புக்கு இரண்டு கட்டளை, அதுவும் வரிசை மாறாமல். அந்த ஆறால் உங்களுக்குப் பெரிய மாற்றம் தெரியாது. ஏ78 அப்படியன்று: வரிசை மாற்றிச் செய்யக்கூடியது, அகலமானது, 2020-இல் உயர்நிலைப் போன்களுக்கென்று அறிவிக்கப்பட்டது. பழைய போனிலிருந்து இதற்கு மாறினால் வேறுபாடு முதல் நாளிலேயே தெரியும் என்பதை உறுதியாகச் சொல்வேன்; அந்த வேறுபாடு இந்த இரண்டு கோர்களால் வருவது, எட்டு என்ற எண்ணால் வருவதன்று. மின்செலவு குறைவதில் 4 நானோமீட்டருக்கும் பங்கு உண்டு, ஆனால் அதே எண்ணைத் தாங்கிய உயர்நிலைச் சிப்போடு இதை ஒரே தட்டில் வைக்க எந்த நியாயமும் இல்லை.

ஐந்து வருடம் என்ற வாக்குறுதியை நான் கொடுக்க மாட்டேன். அன்றாட உபயோகத்துக்கு அந்தச் சிப் மூன்று நான்கு ஆண்டுகள் தாங்கும் என்பது என் மதிப்பீடு. அதற்குப் பிறகு ஆப்கள் எவ்வளவு பருக்கும் என்பதைச் சிப்பை வைத்துச் சொல்ல முடியாது. வாங்குவதென்றால் ராம் 8 ஜிபி உள்ள வகையை எடுங்கள், சேமிப்பகம் இஎம்எம்சியைவிட வேகமான யுஎஃப்எஸ் வகையா என்று கேட்டு உறுதி செய்யுங்கள், ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு என்று தயாரிப்பாளரின் பக்கத்தில் பாருங்கள். கையில் சற்றுப் பணம் கூடுதலாக இருந்தால், புதிய நடுத்தரச் சிப்பைவிட இரண்டு ஆண்டுக்கு முந்தைய உயர்நிலைச் சிப் உள்ள போன் விலை குறைந்து கிடைக்கிறதா என்று தேடுவது நல்லது. பெரிய கோர் இரண்டு ஆண்டில் சிறிய கோராகிவிடாது.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். காட்சிக்கு வைத்திருக்கும் போனில் அது அனுமதிக்கும் உச்சத் தரத்தில் பத்து நிமிடம் வீடியோ பதிவு செய்யுங்கள். பின்பக்கம் நன்றாகச் சூடானதும் பதிவை நிறுத்திவிட்டு, படங்கள் நிறைந்த ஒரு நீளமான பக்கத்தைத் திறந்து விரலால் வேகமாகத் தள்ளிப் பாருங்கள். குளிர்ந்த போனில் எல்லாமே வழுக்கிக்கொண்டுதான் ஓடும்; சூடான போனில் அந்தப் பக்கம் எப்படி நகர்கிறதோ, அதுதான் மே மாதத்தில் உங்கள் கையில் இருக்கப்போகும் வேகம்.